கட்டைவிரல் விழும் இடம்

துப்பாக்கியில் டார்ச் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. அதை எரியவைக்கும் ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கடையில் சனிக்கிழமைகளில் பழுதுபார்க்கும் மேசையில் உட்காருகிறேன். வார நாட்களில் பிழைப்பு வேறு. என்னிடம் வருகிறவர்களில் பண்ணைக்காரர்கள் அதிகம். காட்டுப்பன்றி அவர்களுக்குத் தீராத தொல்லை. ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் மேய்ச்சல் நிலம் ஏர் ஓட்டிய மாதிரி கிளறிக் கிடக்கும். இந்த மாநிலத்தில் மானை இரவில் சுடக் கூடாது. பன்றிக்கு அந்தத் தடை இல்லை. 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் அதற்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். ஆக, இரவு வேட்டை; அதற்கு வெளிச்சம்; அதற்கு என் மேசை.

டார்ச்சை ரைஃபிளின் முன்பக்கம், பேரல் முனையை ஒட்டித்தான் வைக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் பேரலின் நிழலே இலக்கின்மேல் விழும். ஆனால் முன்னால் வைத்தால் டார்ச்சின் பின்புறப் பொத்தான் கைக்கு எட்டாது. அதனால் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு வயரைச் சொருகி, அதன் மறுமுனையில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இதுதான் பிரஷர் ஸ்விட்ச். அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். விட்டால் அணைவதுதான் இதில் முக்கியம். இருட்டில் எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு, பிடித்திருப்பவன் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

பட்டை உட்காரும் இடம் ஹேண்ட்கார்டு. சூடேறும் பேரலில் கை படாமலிருக்க அதைச் சுற்றி மாட்டும் உறை அது. இப்படிப்பட்ட பொருட்களை அதில் மாட்டுவதற்கான பிக்காட்டினி ரெயிலுக்கு அமெரிக்க ராணுவம் 1995-ல் ஓர் அளவு வகுத்தது. மேடும் பள்ளமுமான தண்டவாளம். பள்ளத்தின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்குப் பத்து மில்லிமீட்டர். எந்தக் கம்பெனிப் பொருளும் அதில் உட்காரும். கையை அறுக்கும் என்பதும் உண்மை. 2014-ல் மேக்புல் கம்பெனி எம்-லாக் கொண்டுவந்தது. உறையிலேயே நீளத் துளைகள். உள்ளே நட்டு கால் சுற்றுத் திரும்பிப் பிடித்துக்கொள்ளும். இப்போது கடைக்கு வருவதில் பெரும்பாலானவை இதுதான்.

ரைஃபிள் மேசைக்கு வந்ததும் முதலில் மேகசினைக் கழற்றுவேன். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்ப்பேன். “காலிதான் தம்பி” என்று சொந்தக்காரர் சத்தியம் செய்தாலும் இது நடக்கும். பிறகு அவரிடமே கொடுத்து, ஆள் இல்லாத சுவரைப் பார்த்துக் கண்ணை மூடித் தோளில் ஏந்தச் சொல்வேன். இடது கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. சிலர் கையை முழுக்க நீட்டி முன்னால் பிடிப்பார்கள். முழங்கை வலி உள்ளவர்கள் மேகசினை ஒட்டியே பிடிப்பார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட வரும். இணையப் படத்தைப் பார்த்து ஒட்டினால் அது படத்தில் இருப்பவரின் கைக்குத்தான் பொருந்தும்.

உச்சியில் வைப்பதா, பக்கவாட்டிலா? நான் உச்சிக் கட்சி. இடக்கையாலும் வலக்கையாலும் அழுத்தலாம். பக்கவாட்டில் வைத்தால் பிக்கப் சீட்டில் ரைஃபிளைச் சாய்த்ததுமே பட்டை அழுந்திவிடும். பேட்டரி தீர்ந்தால்கூடப் பரவாயில்லை. ஆயிரம் லூமன் விளக்கு துணியில் முகம் புதைத்துக் கிடந்தால் அந்தத் துணியே கருகும். அப்படிக் கருகிய துணி ஒன்று எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது.

ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப்பை நான் நம்புவதில்லை. தொடர்ந்து சுட்டால் உறை சூடேறும், பசை இளகும், பட்டை நகரும். ரெயிலிலோ துளையிலோ ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் தாங்கி கொஞ்சம் விலை கூடினாலும் நிம்மதி. வயரை, பேரல்மேல் சூடான வாயுவைத் திருப்பிவிடும் கேஸ் பிளாக் பக்கம் விடவே கூடாது, உருகிவிடும். தொங்கவிட்டால் முள்ளில் மாட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் டார்ச் மூடியில் சொருகிய இடம் நாளடைவில் விட்டுப்போகும். மூடி அருகே மட்டும் சின்னதாக ஒரு வளைவு விட்டு, மற்றதை ஜிப் டையால் கட்டுவேன். டையின் வாலை ஒட்ட நறுக்காவிட்டால் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு பிளேனோ நகரத்துச் சம்பவத்தைச் சொல்வேன். 2010-ல் இதே டெக்சாஸில், ஒரு போலீஸ்காரர் கைத்துப்பாக்கியின் விளக்கைப் போடுவதாக நினைத்து ட்ரிகரை அழுத்திவிட்டார். எதிரே இருந்தவர் இறந்துபோனார். அந்த விளக்கின் ஸ்விட்ச் ட்ரிகர் வளையத்துக்குக் கீழே, சுடுகிற கையின் நடுவிரலுக்கு வைத்தது. பதற்றத்தில் ஒரு விரலை இறுக்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகும்; மனிதக் கையின் அமைப்பு அப்படி. ரைஃபிளில் நமக்கு இரண்டாவது கை கிடைக்கிறது. வெளிச்சம் இடக்கைக்கு, ட்ரிகர் வலக்கைக்கு. பட்டையைப் பின்னால் கொண்டுவந்து வலக்கைப் பக்கம் வைக்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. இந்த விளக்கு எங்கே விழுகிறதோ அங்கே பேரலும் பார்க்கிறது. கேட்டைத் திறக்கவும், தொலைந்த நாயைத் தேடவும், புதரில் சலசலப்பது பன்றியா பக்கத்துத் தோட்டத்து ஆளா என்று பார்க்கவும் இது ஆகாது. அதனால் ஸ்விட்ச் பொருத்தி முடித்ததும், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கை டார்ச்சையும் எடுத்து மேசைமேல் வைப்பேன். முக்கால்வாசிப் பேர் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு நல்ல வியாபார மூளை என்று முதலாளிக்கு நினைப்பு.