தைராய்டும் திடீர்க் கால் வாதமும்

தைராய்டு என்றால் கழுத்து வீங்கும், அது பெண்களுக்கு வருவது என்ற அளவில்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தச் சுரப்பி அளவுக்கு மேல் சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும். அதிகம் பேசப்படாத இன்னொரு தொல்லையும் உண்டு. அது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களைப் பிடிப்பதால் இங்கே எழுதுகிறோம். ஹாங்காங்கில் 1967-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகைச் சுரப்பு கண்ட சீன ஆண்களில் 13 சதவீதம் பேருக்கு இது வந்திருந்தது. பெண்களிலோ ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவு.

பண்டிகை வியாபாரம். பகலெல்லாம் மூட்டை இறக்கிய ஒருவர் இரவு கடை அடைத்து, பரோட்டாவை வயிறு முட்டச் சாப்பிட்டு, மேலே இனிப்பும் போட்டுக்கொண்டு படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் விழித்தால் கால்கள் எழவில்லை. தொட்டால் தெரிகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, பேச்சும் குழறவில்லை. வீட்டார் பக்கவாதம் என்று அலறுவார்கள். சில மணி நேரத்தில் தானாகவே சரியாவதும் உண்டு. அதனாலேயே 'அசதி' என்று விட்டுவிடுகிறார்கள்.

இரத்தத்தில் பொட்டாசியம் இறங்குவதே காரணம். நம் தொழில் பாஷையில் சொன்னால், சரக்கு தீரவில்லை, கடையிலிருந்து கிடங்குக்குப் போய்விட்டது! மாவுப் பண்டமும் இனிப்பும் மிஞ்சினால் உடலில் இன்சுலின் ஏறும். அது பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து தசைக்குள் தள்ளும். தைராய்டு மிகையாகச் சுரப்பவரிடம் இது வரம்பு மீறிப்போகிறது. கடும் உழைப்புக்குப் பின் ஓய்ந்திருக்கும்போதும், மது அருந்தினாலும் வரலாம்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். சோர்வு என்றதும் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று நாமே கேட்கிறோம். இந்த நிலையில் குளுக்கோஸ் ஏறினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், அபூர்வமாக மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். ஆகவே தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தப் பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் கொடுப்பதிலும் டாக்டர் அளவு பார்த்தே கொடுப்பார். கிடங்குக்குப் போன சரக்கு திரும்பும்போது கடை நிரம்பி வழிந்தால் அதுவும் இதயத்துக்கு ஆபத்து.

கால் எழுந்துவிட்டது என்று அத்துடன் வீடு திரும்பக் கூடாது. வெளியில் அறிகுறி தெரியாதவர்களே இதில் அதிகம் என்பதால், தைராய்டு பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். சுரப்பு கட்டுக்குள் வரும்வரை இரவில் பெருவிருந்து ஆகாது. இடைக்காலத்தில் படபடப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை டாக்டர் தருவதுண்டு. சுரப்பு சரியானபின் இந்த வாதம் வருவதில்லை.