பிஸ்டனை இழுத்து நிறுத்தும் உலோகம்

கார் எஞ்சினில் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு இரண்டு விதமான சுமையைத் தாங்குகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராடு நசுக்கப்படுகிறது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ராடு இழுபடுகிறது. முதல் சுமை எஞ்சினின் இழுதிறனோடு கூடும். இரண்டாவது, சுழற்சி வேகத்தின் இருமடியாகக் கூடும். 6,000 ஆர்பிஎம்மிலிருந்து 7,000க்குப் போனாலே அது 36 சதவீதம் ஏறிவிடுகிறது. இத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று விற்பனை அட்டையில் அச்சிடும் எண் இதில் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

2006ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் இசட்06 காரில் இருந்த எல்எஸ்7 எஞ்சின் 7 லிட்டர் கொள்ளளவும் 505 குதிரைத்திறனும் உடையது. வேக வரம்பு 7,000 ஆர்பிஎம். அந்த வேகத்தில் உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 3,700 மடங்கு. பிஸ்டன், பின், வளையங்கள் சேர்ந்து 600 கிராம் என்று கொண்டால், ராடை இழுக்கும் விசை 2.2 டன். சிலிண்டரில் 100 பார் அழுத்தம் எழுந்தால் நசுக்கும் விசை ஏறத்தாழ 9 டன். ஆனாலும் அதிவேகத்தில் ராடை முறிப்பது பெரும்பாலும் அந்தச் சிறிய எண்தான்.

முறத்தில் நெல் புடைப்பதை எண்ணினால் காரணம் விளங்கும். கை முறத்தை மேலே உதறிச் சட்டென்று கீழே இழுக்கிறது; நெல்லோ ஏறிய வேகத்திலேயே மேலே போகப் பார்க்கிறது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில், நெல்லின்மேல் இன்னொருவர் உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல, இறுகிய வாயு பிஸ்டனைத் தடுக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் வால்வு திறந்திருப்பதால் அந்த உள்ளங்கை இல்லை. ஒவ்வொரு மணியையும் நூலால் முறத்தோடு கட்டியிருந்தால், அந்த நூல் படும் பாடுதான் ராடு படும் பாடு. உதறும் வேகம் இரட்டித்தால் நூலை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். நூலே கனமாக இருந்தால் தன் கனத்தையும் அதுவே இழுத்து நிறுத்த வேண்டும். தள்ளும் விசை ராடின் தடித்த உடல் வழியே இறங்கிவிடுகிறது. இழுக்கும் விசை முழுவதும் கீழ்முனை மூடியையும் அதை இறுக்கும் இரண்டு போல்ட்டுகளையும் நம்பி நிற்கிறது. 7,000 ஆர்பிஎம்மில் இது நிமிடத்துக்கு 3,500 முறை நடக்கிறது.

நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 எஃகு இதற்கு நெடுநாளாகக் கைகொடுக்கிறது. எஃகில் சுமை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை கோடி முறை இழுத்தாலும் சோர்வு விரிசல் தோன்றுவதில்லை. சிலிக்கானும் வனேடியமும் சேர்ந்த 300எம் இன்னும் வலிமையானது. விமானச் சக்கரக் கால்களுக்குப் பயன்படுவது. ஆனால் எஃகு எந்த ரகமானாலும் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல் அளவுதான். டர்போ அழுத்தத்தில் வளையும் ராடுக்கு விலையுயர்ந்த எஃகைவிடத் தடித்த குறுக்குவெட்டே அதிகம் உதவும்.

டைட்டானியம் ராடை ஹோண்டா என்எஸ்எக்ஸ் 1990இலேயே சாலைக்குக் கொண்டுவந்தது. எல்எஸ்7உம் அதையே ஏற்றது. டைட்டானியத்தின் அடர்த்தி எஃகைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு. ஆனால் விறைப்பும் பாதியளவே என்பதால் உடலைத் தடிக்கச் செய்யும்போது எடை லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். உரசினால் ஒட்டிப் பிய்வதால் பக்கங்களில் கடினப் பூச்சும் வேண்டும். உச்ச வேகமே குறிக்கோளான எஞ்சினுக்கு இந்தச் செலவு தகும். 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டாத டர்போ எஞ்சினுக்கு வீண்.

அலுமினியம் இன்னும் இலேசானது. ஆனால் எஃகுக்குள்ள பாதுகாப்பான கீழ்வரம்பு அதற்கு இல்லை. ஒவ்வொரு சுற்றும் ஆயுளில் கொஞ்சம் தின்றுவிடும். சில நொடிகளே ஓடும் டாப் ஃபியூவல் டிராக் கார்களில் அது நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கே ராடுகளை அடிக்கடி மாற்றிவிடுவதுதான். அதன் நெகிழ்வு பேரிங்குகளின் அதிர்ச்சியையும் குறைக்கிறது. 150 மில்லிமீட்டர் அலுமினிய ராடு 100 டிகிரி சூடேறினால் 0.35 மில்லிமீட்டர் நீளும், எஃகுபோல் இருமடங்கு. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே அதற்கான இடம் விடவேண்டும்.

எந்த உலோகமானாலும் போல்ட்டின் இறுக்கம் இழுக்கும் விசையை மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் விசையின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கை இறுகிய மூட்டே ஏற்கும்; குறைந்தால் மூடி ஒவ்வொரு சுற்றிலும் விலகி, போல்ட் சோர்ந்து அறும். டார்க் ரென்ச் காட்டும் அளவு உராய்வால் மாறக்கூடும் என்பதால், நல்ல எஞ்சின் பட்டறைகளில் போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மைக்ரோமீட்டரால் அளந்தே முறுக்குகிறார்கள்.