வலி போனால் ஜவ்வு சேர்ந்துவிட்டதா?

கபடியில் பிடியிலிருந்து நழுவுவதற்காக ஒரு காலை மண்ணில் ஊன்றி உடம்பைத் திருப்புகிறார் ரெய்டர். முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் இடிக்கவில்லை. முட்டியின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல். ஜவ்வு பெரும்பாலும் இப்படித்தான் கிழிகிறது.

சுளுக்கு இல்லை

சில மணி நேரத்திலேயே முட்டி உப்பினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சூடான எண்ணெய் தேய்த்து நீவுவதும், காலை இழுத்துவிடுவதும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்தால் போதும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு முறியவில்லை என்றதும் நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். மருத்துவர் முட்டியைச் சற்றே மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். சந்தேகத்தை எம்.ஆர்.ஐ. தீர்க்கும்.

ஏமாற்றும் வாரங்கள்

இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடியும், நடக்கவும் வரும். நேராக நடக்கும்வரை தொந்தரவு தெரியாது. படியில் திரும்பும்போது முட்டி 'கழன்றுகொள்ளும்'. அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் சிதைய வாய்ப்புண்டு. முதல் காயத்தைவிட நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆபரேஷன் எல்லோருக்குமா?

இல்லை. முட்டியின் உட்பக்க ஜவ்வு பெரும்பாலும் பிரேஸிலேயே ஆறிவிடும். ஏ.சி.எல். கிழிந்தாலும், ஓடியாடும் விளையாட்டு வேண்டாம் என்பவர்கள் பலர் பயிற்சியாலேயே சமாளிக்கிறார்கள். மறுபடி களமிறங்க நினைப்பவர்களுக்கும், அன்றாட நடையிலேயே முட்டி நழுவுகிறவர்களுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன்தான். தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து, கிழிந்த ஜவ்வின் இடத்தில் பொருத்துவார்கள்.

தலையணை எதிரி

ஆபரேஷனுக்குப் பின் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். தொடையை இறுக்கி, முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடியுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் இளைத்துப்போன தொடைத் தசையை எழுப்ப அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது மாதம் கால் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். பொருத்திய நாருக்குள் ரத்த ஓட்டம் வந்து, அது ஜவ்வாக உறுதிப்பட இன்னும் பல மாதங்கள் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். அதன்பிறகும் ஃபிசியோதெரபிஸ்ட் சோதிக்கும்போது, அடிபட்ட காலின் பலம் மற்றதில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஊர்த் திருவிழாக் கபடி ஆறாவது மாதத்திலேயே வந்துவிட்டால், அந்த வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று விசிலடிக்கலாம்.