மேலிடம் என்னும் ஆகுபெயர்

தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கிற எல்லோருக்கும் 'மேலிடம்' என்ற சொல் பழக்கம். 'முதல்வர் யார் என்பதை மேலிடம் முடிவு செய்யும்' என்று எழுதுகிறார்கள். இலக்கண வகுப்பில் இதற்கு இடவாகுபெயர் என்று பெயர், 'ஊர் சிரித்தது' என்பதைப் போல. ஆனால் ஊர் சிரித்தது என்றால் சிரித்தவர்களை நமக்குத் தெரியும், தெருவில் நிறுத்தி ஏன் சிரித்தாய் என்று கேட்கலாம். மேலிடத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்தாலும் கேட்க முடியாது. இடத்தின் பெயர் ஆளை மறைக்கிறது, கூடவே பொறுப்பையும் மறைக்கிறது. ஒரு தேசியக் கட்சி ஒரு மாநிலத்தைப் புறக்கணிக்கிறது என்று சொல்லும்போது நடப்பது என்ன என்பதை இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே விளக்கிப் பார்க்கிறேன். உதாரணம், பக்கத்து ஆந்திரம்.

ஆந்திரம் காங்கிரஸின் கோட்டையாக இருந்த மாநிலம். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977இல் வட இந்தியாவில் கட்சி துடைத்தெறியப்பட்டபோது, ஆந்திரம் 42 மக்களவைத் தொகுதிகளில் 41ஐக் கொடுத்தது. 1978இல் இந்திராவின் புதிய காங்கிரஸை ஆட்சியில் உட்காரவைத்தது. 1980இல் மேடக் தொகுதி அவரையே மக்களவைக்கு அனுப்பியது. இவ்வளவுக்கும் திரும்பக் கிடைத்தது, ஐந்து வருஷத்துக்குள் நான்கு முதலமைச்சர்கள்: சென்னா ரெட்டி, 1980 அக்டோபரில் அஞ்சய்யா, 1982 பிப்ரவரியில் பவனம் வெங்கட்ராம் ரெட்டி, அதே செப்டம்பரில் கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி. இவர்களில் யாரை மாற்றும்போதும் வாக்காளரை யாரும் கேட்கவில்லை.

'சரியான தலைவர் அமையவில்லை, அதனால் கட்சி கெட்டது' என்பது வழக்கமான விளக்கம். இதில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஐம்பது, அறுபதுகளில் சஞ்சீவ ரெட்டியோ பிரமானந்த ரெட்டியோ தில்லிக்குப் போனால் சொந்தச் செல்வாக்கோடு போனார்கள். அது நிலமும் சாதியும் கொடுத்த செல்வாக்கு என்பதையும் மறக்க வேண்டியதில்லை. 1969 பிளவுக்குப் பிறகு சொந்தக் காலில் நிற்கிற மாநிலத் தலைவர் தில்லிக்கு ஆபத்தானவர் ஆனார். 1972க்குப் பிறகு 1992 வரை கட்சிக்குள் அமைப்புத் தேர்தலே நடக்கவில்லை. கீழிருந்து ஏற ஏணி இல்லை. மேலிருந்து இறக்கப்பட்டவர்தான் தலைவர். அப்படி வந்தவருக்குத் தில்லியின் முகக்குறிப்பைப் படிக்கவே பாதி நேரம் போகும். மீதி நேரத்தில் மந்திரி பதவிகளைப் பங்கிட்டுக் கோஷ்டிகளைச் சமாளிக்க வேண்டும். அஞ்சய்யாவின் மந்திரிசபை ஊர் சிரிக்கிற அளவுக்குப் பெருத்தது சும்மா இல்லை.

ஆக, புறக்கணிப்பு என்றால் தில்லி ஆந்திரத்தைப் பார்க்கவில்லை என்று பொருளாகாது. தில்லி ஓயாமல் முதல்வரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல்வர் தில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்களைப் பார்க்கத்தான் ஆளில்லை.

1982 பிப்ரவரியில் பேகம்பேட்டை விமான நிலையத்தில், மேளதாளத்தோடு வரவேற்க வந்த அஞ்சய்யாவை ராஜீவ் காந்தி பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். ராஜீவ் அப்போது வெறும் எம்.பி. அதே மாதம் அஞ்சய்யா பதவி இழந்தார். மார்ச் 29இல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கினார். 1983 ஜனவரியில் ஆட்சி அவர் கையில். ஒரு அவமானம் ஆட்சியைக் கவிழ்த்தது என்பது பத்திரிகைக் கதை. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி என்ற வாக்குறுதி இருந்தது. கடலோர மாவட்டங்களில் பணம் சேர்த்தும் முதல்வர் நாற்காலியை எட்டாத கம்மா நிலவுடைமையாளர்களின் ஏக்கம் இருந்தது. சினிமாப் பிம்பம் இருந்தது. தனித்தனியான இந்தக் குறைகளும் ஆசைகளும் ஒரே குரலில் பேச ஒரு சொல் வேண்டியிருந்தது. 'ஆத்மகௌரவம்' அந்த வேலையைச் செய்தது. முதல்வர் பட்ட அவமானத்தை ரேஷன் கடை வரிசையில் நின்றவரும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். மேலிடம் என்ற இடப்பெயருக்கு எதிரே 'தேசம்' என்ற இன்னொரு இடப்பெயர் வந்து நின்றது.

இங்கேதான் தமிழ் வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் தன் கேள்வியை ஊருக்குள்ளேயே, சாதியை நோக்கிக் கேட்டது. ஆத்மகௌரவம் அதைத் தில்லியை நோக்கிக் கேட்டது, ஊருக்குள் கேட்கவில்லை. 1985 ஜூலையில் காரம்சேடுவில் மாதிகர்களைக் கம்மா நிலவுடைமையாளர்கள் தாக்கிக் கொன்றபோது நடந்தது தெலுங்கு தேச ஆட்சி. கொல்லப்பட்டவர்களின் கௌரவம் எந்த தேசத்தைச் சேர்ந்தது? 1969இலேயே தனி மாநிலம் கேட்டுத் தெருவுக்கு வந்த தெலங்கானாவும் 'உங்கள் தேசத்தில் நாங்கள் எங்கே' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 2014இல் பிரிந்துபோனது.

காங்கிரஸ் இதில் எதையும் படிக்கவில்லை. 2009இல் ராஜசேகர ரெட்டி விபத்தில் இறந்தபின் மறுபடியும் ரோசய்யா, கிரண்குமார் ரெட்டி என்று மேலிடத்து முதல்வர்கள். மாநிலப் பிரிவினையைத் தில்லி முடிவு செய்தது. அதை ஏற்காமல் காங்கிரஸ் முதல்வரே ராஜினாமா செய்தார். எஞ்சிய ஆந்திரத்தில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் அக்கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

மேலிடத்தின் மீதான கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஏந்திவரும் தேசம், மண், மாநிலம் என்ற சொற்களும் ஆகுபெயர்கள்தான். மேலிடம் என்றால் யார் என்று கேட்கிற அதே வாயால் இவற்றையும் கேட்டாக வேண்டும். ஆகுபெயரை விரித்துப் பொருள் சொல்வதை இலக்கண வாத்தியார்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.