கிளச் எண்ணெய் எங்கே போகிறது?

தோட்டத்திலிருந்து பினாங்கிற்கு வந்த பழைய காடி ஒன்றை நினைத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய சூலியா தெருவில், நாகூர் தர்கா முனையில் அது நிற்கிறது. கிளச் பெடல் மிதித்ததும் தரைவரை இறங்கிவிடுகிறது. கியர் விழ மறுக்கிறது. பின்னால் ஹார்ன் சத்தம். ஏன் இப்படி?

1958-இல் வந்த லேண்ட் ரோவர், 1959-இல் வந்த மினி போன்றவற்றில் கிளச்சை இயக்குவது கம்பி அன்று, எண்ணெய். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய்வழி தள்ளும். கியர்பெட்டி அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அதை வாங்கிக் கிளச்சை விடுவிக்கும். எண்ணெய் கசிந்து குறைந்தால் காற்று புகும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். மிதித்த பலம் அங்கே வீணாகிறது.

தினமும் கிண்ணத்தை நிரப்பி ஓட்டுவது வைத்தியமாகாது. கசியும் இடத்தைத் தேடுவோம்.

முதலில், தரையில் சொட்டியது எது? பழைய டின்னில் தண்ணீர் எடுத்து ஒரு துளி விடுவோம். பிரேக் எண்ணெய் கரையும். எஞ்சின் எண்ணெய் மிதக்கும்.

அடுத்து, பெடலின் மேற்பகுதியைத் தொட்டுப் பார்ப்போம். அங்கும் கால்மிதியிலும் ஈரமிருந்தால் மாஸ்டர் சிலிண்டரே குற்றவாளி. பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் இரப்பர் உறையை விலக்கிப் பார்ப்போம். உள்ளே நனைந்திருந்தால் கசிவு அங்கே. குழாயின் மூட்டுகளையும் விடக்கூடாது. எங்கும் ஈரமில்லை, எண்ணெயும் குறையவில்லை, ஆனால் அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல இறங்குகிறதா? பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள் இரப்பர் தேய்ந்திருக்கும்.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இரப்பரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? எஞ்சின் எண்ணெய் பட்டால் அது ஊதிக் கெடும். ஆகவே காடியின் கையேடு சொல்லும் பிரேக் எண்ணெயை மட்டுமே ஊற்றவேண்டும். அது பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவுவோம்.

சில காடிகளில் பிரேக்கிற்கும் கிளச்சிற்கும் கிண்ணம் ஒன்றே. அதில் எண்ணெய் குறைந்தால் பிரேக்கும் கைவிடலாம். அத்தகைய காடியைப் பழுதுபார்க்காமல் மலைச்சாலைக்கு எடுத்துச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

பழுதான பாகத்தை மாற்றியபின், ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் திருகாணியைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றவேண்டும். பெடலை விடுமுன் திருகாணியை இறுக்கிவிடவேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருக்கக் கிளச் பிளேட்டை மாற்றினால் சம்பளம் போகும், நோய் நிற்கும். பட்டறைக்குப் போகுமுன் ஈரம் எங்கே என்று நாமே பார்த்துவிட்டால், கேட்கவேண்டிய கேள்வி நமக்குத் தெரியும்.