பொம்மையும் ஒரு மருந்தே

கிராம முன்னேற்றம் என்றதும் கிணறு, சாலை, பள்ளிக்கூடம், விளைச்சல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு மூலையில் பாயிலேயே கிடக்கும் குழந்தைக்கும் அம்முன்னேற்றத்தில் பங்கு உண்டு. பார்வைக் குறைவு, செவிக் குறைவு, மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுள் இரண்டோ பலவோ ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதைப் பல்வகைக் குறைபாடு என்பர். இத்தகையோருக்கென மத்திய அரசு 2005-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இக்குறைபாட்டைத் தனியே குறிப்பிடுகிறது.

பிற குழந்தைகள் எடுத்தும் எறிந்தும் உலகை அறிகின்றன. கை நீட்ட இயலாத குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பயிற்சியின்றி ஆண்டுகள் கழியுமாயின் மூட்டுகள் இறுகும். கற்கும் ஆர்வமும் மங்கும். சிகிச்சை சில மணி நேரமே கிடைக்கும். விளையாட்டோ நாள்தோறும் நடக்கும். ஆகவே விளையாட்டையே பயிற்சியாக்கும் கருவிதான் சிகிச்சைப் பொம்மை.

அமைக்கும் முறை

குழந்தையிடம் எஞ்சியுள்ள திறன் எதுவோ, அதிலிருந்தே தொடங்கவேண்டும். சிறிது பார்வை இருப்பின், கறுப்புப் பலகையில் மஞ்சள் உருண்டை தெளிவாகத் தெரியும். பார்வை இல்லையெனில் ஒலியும் தொடு உணர்வும் வழிகாட்டும். மணல், கேழ்வரகு, புளியங்கொட்டை ஆகியவற்றைத் தனித்தனித் துணிப்பைகளில் இட்டு இரட்டைத் தையலிட்டால், கை வேறுபாட்டை உணரும். பிடி தளர்ந்த கைக்குக் கிலுகிலுப்பையின் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கலாம். கை நடுங்கிப் பொருளைத் தள்ளிவிடும் குழந்தைக்கு, விளிம்பு வைத்த பலகையில் பொம்மையைப் பொருத்தித் தரலாம். தொட்டவுடன் மணி ஒலித்தால், தன் செயலால் ஒன்று நிகழ்ந்தது எனக் குழந்தை அறிகிறது. கற்றல் அங்கே தொடங்குகிறது. தலைக்கும் முதுகுக்கும் தாங்கல் கொடுத்து உட்காரவைத்த பின்னரே பொம்மையைத் தருதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இக்குழந்தைகள் வயது வளர்ந்த பின்னும் பொருள்களை வாயிலிட்டுப் பார்ப்பதுண்டு. எனவே கழன்று விழும் சிறு உறுப்பு எதுவும் கூடாது. குன்றிமணியும், நம் பகுதியில் விளையும் ஆமணக்கு விதையும் கொடிய நஞ்சுடையவை. அவற்றைக் கிலுகிலுப்பையில் இடவே கூடாது. ஈயம் கலந்த வர்ணம் பூசலாகாது. மரத்தில் சிலாம்பு இராதபடி வழவழப்பாக இழைத்தல் அவசியம். கர்நாடகத்தின் சன்னப்பட்டினத்தில் பொம்மைகள் கடையப்படும் வெட்பாலை மரம் இதற்கு ஏற்றது.

பஞ்சாயத்தின் கடமை

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு வேண்டியன யாவும் உள்ளன. தம்மம்பட்டியில் மரச்சிற்பிகள் இருக்கின்றனர். இளம்பிள்ளை, திருச்செங்கோடு தறிகளில் துணித்துண்டுகள் கிடைக்கும். மாட்டுக் கழுத்துமணி சந்தையிலேயே உண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அங்கன்வாடிப் பணியாளருடன் கூடி இக்குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்கவேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் குழந்தையைக் கண்டு அளவு கூறட்டும். ஊர்த் தச்சர் செய்யட்டும். பயன்படுத்தும் முறையைத் தாய் கற்கட்டும். ஒரு மாதம் சென்றபின் பார்த்து, பொருந்தாததை மாற்றுதல் வேண்டும். அடையாள அட்டை பெறாத குழந்தைகளின் விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புதலும் நன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.