உங்களுக்குத் தெரியுமா? – கழி, கொடியைப் பார், தாவு!

கடவுச்சொல் சரியா, கணக்கில் பணம் போதுமா என்று கணினி எடுக்கும் முடிவுகள் அடிமட்டத்தில் பெரும்பாலும் இரண்டே வேலைகள்தான்: ஒப்பிடு, தாவு. அசெம்பிளி மொழியில் இவற்றை நேருக்கு நேர் பார்க்கலாம்.

★ ஒப்பிடுவது என்றால் கழிப்பது! 1978-இல் வந்த இன்டெல் 8086-இல் ஒப்பிடும் கட்டளையின் பெயர் 'சிஎம்பி'. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிட்டு விடையைத் தூக்கி எறிந்துவிடும். விடை பூஜ்யமா, மைனஸா, கடன் வாங்க நேர்ந்ததா என்ற தடயங்களை மட்டும் 'ஃபிளாக்' எனப்படும் கொடிகளில் விட்டுச்செல்லும்.

★ அடுத்து வரும் நிபந்தனைத் தாவல் அந்த எண்களைப் பார்ப்பதே இல்லை; கொடிகளைத்தான் பார்க்கும். நடுவில் ஒரு கூட்டல் கட்டளையைச் செருகினால் கொடிகள் மாறிவிடும், தாவலும் தடம் மாறும். 'மூவ்' கட்டளையைச் செருகினால் பாதகமில்லை. அது கொடிகளைத் தொடாது.

★ 'சமமானால் தாவு' (ஜேஇ), 'பூஜ்யமானால் தாவு' (ஜேஇசட்) இரண்டும் ஒரே கட்டளை! பதினாறடிமானத்தில் 74 என்பதே இரண்டுக்கும் எண். சமமான எண்களைக் கழித்தால் பூஜ்யம்தானே வரும்? அடுத்த எண்ணான 75 நேர் எதிரானது. 70 முதல் 7எஃப் வரை 16 தாவல்களும் இப்படி ஜோடி ஜோடிதான். கடைசி பிட்டை மாற்றினால் நிபந்தனை தலைகீழாகும்.

★ 8086-இன் நிபந்தனைத் தாவலுக்கு எட்டும் தூரம் குறைவு: முன்னால் 127 பைட், பின்னால் 128 பைட். அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் நிபந்தனையைத் திருப்பிப்போட்டு, நிபந்தனையற்ற தாவல் ஒன்றைத் தாண்டிக் குதிக்க வேண்டும். 1985-இல் வந்த 80386 இந்தச் சிரமத்தைத் தீர்த்தது.

★ கொடியையே பார்க்காத தாவலும் உண்டு. 'ஜேசிஎக்ஸ்இசட்', சிஎக்ஸ் ரெஜிஸ்டர் பூஜ்யமா என்று நேராகப் பார்க்கும். சுழற்சிக்கான 'லூப்' கட்டளை முதலில் சிஎக்ஸில் ஒன்றைக் குறைத்த பிறகே சோதிப்பதால், சிஎக்ஸ் பூஜ்யமாக இருந்தால் சுழற்சி 65,536 முறை ஓடிவிடும். அதைத் தடுக்கும் காவலாளிதான் ஜேசிஎக்ஸ்இசட்.

★ பெர்லினில் கோன்ராட் சூஸ் 1941-இல் உருவாக்கிய இசட்3 கணினி, துளையிட்ட சினிமா பிலிமிலிருந்து நிரலைப் படித்தது. அதில் நிபந்தனைத் தாவல் கட்டளை கிடையாது!

★ இன்றைய பிராசசர்கள் கொடிக்காகக் காத்திருப்பதில்லை. எந்தப் பக்கம் தாவும் என்று ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஊகம் தவறினால் செய்ததை அழித்துவிடுகின்றன. ஆனால் அழித்த வேலையின் தடயம் கேஷ் நினைவகத்தில் மிஞ்சுகிறது. அதை வைத்தே ரகசியத் தகவலைத் திருட முடியும் என்று காட்டியதுதான் 2018 ஜனவரியில் வெளியான 'ஸ்பெக்டர்' என்ற தாக்குதல் முறை.

★ எட்டு பிட்டும் 1 என்றால் அது 255-ஆ, மைனஸ் 1-ஆ? சிப்புக்குத் தெரியாது! அதை 1-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மைனஸ் இல்லாத எண்களுக்கான 'ஜேஏ' தாவும். மைனஸும் உள்ள எண்களுக்கான 'ஜேஜி' தாவாது. கழித்தலும் ஒன்றே, கொடிகளும் ஒன்றே. எது பெரியது என்று தீர்மானிப்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் தாவல்தான்.